கப்பல் மேசையை விட்டு எழும்பாத மகனுக்கு

மகன்,

இந்தக் கடிதத்தை உன் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே, அந்தப் பொம்மைக் கப்பலுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறேன். வேறு எங்கே வைத்தாலும் உன் கண்ணில் படாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் உண்டா என்று உன் அப்பா கேட்கிறார். அவருக்கென்ன, பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் எந்தப் பிரச்சினையும் அவரிடம் வராது. உன்னோடு பேசிப் பார்த்துக் களைத்தவள் நான்தான். வாயைத் திறந்தால் "அம்மா, கொஞ்சம் இருங்க, கை ஆடுது" என்கிறாய். கிட்ட வந்தால் "மூச்சு விடாதீங்க, பறந்துரும்" என்கிறாய். பெற்ற தாய் மூச்சு விடக்கூடாத இடத்தில் என்னத்தைப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடித்தபின் வத்தேகமையில் இருக்கிற உன் கூட்டாளிக்கும் காட்டு. உங்கள் போன் குழுவில் கப்பலும் விமானமும் கட்டுகிற அத்தனை பேருக்கும் வேண்டுமானால் அனுப்பிவிடு, எனக்கு வெட்கமில்லை. அவர்கள் வீட்டிலும் இப்படி வயிறு எரிந்துகொண்டு ஓர் அம்மா இருப்பாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் கடிதத்தைக் கீழே வைத்துவிடுவாய். நேற்று நான் கம்பளைக்குப் போய், அம்மா வீட்டில் இருக்கிற உன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சந்தைக்குப் போவதாகச் சொன்னேன், நீயும் "ம்" என்றாய். கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் வீட்டை விட்டுப் போனவள் மார்கழி பிறந்த பிறகும் வரவில்லை. தலைப்பொங்கல் வரப்போகிறது. ஆவணியில் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போன சனமெல்லாம் தையில் என்ன கேட்கும் என்று உனக்குக் கவலையே இல்லை. நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். "சொல்லாம போனவள நான் எதுக்குப் போய்க் கூப்பிடணும்?" என்று ஒரே பாட்டு. அந்தப் பாட்டுக்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் என் மனதில் உள்ளதைக் கொட்டாமல் விடமாட்டேன், பொறுமையாகப் படி. இரண்டு மில்லிமீற்றர் கப்பல் ஏணியை மணிக்கணக்காக மடிக்கிறவனுக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கடலே இல்லாத ஊரில் கப்பல் கட்டுகிற ஒரே ஆள் நீதான் என்று நான் கேலி செய்வதுண்டு. குண்டசாலையிலிருந்து பார்த்தால் மலையும் மகாவலியும்தான் தெரியும். ஆனால் என் வீட்டு முன்னறையில், மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நல்ல மேசையில், எங்கேயோ ஒரு நாட்டின் பெயர் வாயில் நுழையாத போர்க்கப்பல் நிற்கிறது. பிளாஸ்டிக் கப்பலோடு நின்றிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். பள்ளிக்கூட காலத்தில் நீ விமானம் ஒட்டும்போது பசை நாற்றம் தவிர எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இந்தப் பித்தளைத் தகடு வந்த பிறகுதான் வீடு வீடாக இல்லாமல் போனது. கடதாசி மாதிரி மெல்லிய தகடு. அதில் அமிலத்தால் அரித்து அரித்துக் கப்பலின் கைப்பிடிக் கம்பி, ஏணி, பாரந்தூக்கி எல்லாவற்றையும் நூல் நூலாக எடுத்திருக்கிறார்கள். கையால் செய்தால் கண்டிப்பாக இவ்வளவு மெல்லிசாக வராது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை நீ பூதக்கண்ணாடியில் காட்டியபோது எறும்பு ஏறுகிற ஏணி என்று நானும் வாயைப் பிளந்தேன். அந்த மெச்சலை அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

அதன் பிறகு வந்த சட்டங்களைக் கொஞ்சம் யோசித்துப் பார். நீ மேசையில் இருக்கும்போது காற்றாடி போடக்கூடாது. யன்னல் திறக்கக்கூடாது. கதவை அடித்துச் சாத்தக்கூடாது. பிளேடால் வெட்டும்போது துண்டு எங்கேயாவது துள்ளி விழுந்துவிட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கால் எடுத்து வைக்கக்கூடாது. உன் அப்பா ஒருநாள் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றதை நான் குசினியிலிருந்து பார்த்தேன். நகரசபையில் இத்தனை வருசம் எல்லாரையும் அதட்டி வேலை வாங்கிய மனிசன். காலையில் நான் கூட்டுகிற குப்பையை நீ பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் வெளியே கொட்ட வேண்டும். குப்பையை முறத்தில் பரப்பிவைத்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நீ பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பக்கத்து வீட்டு சிங்கள அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தங்க வேலை செய்கிறாயா என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லி விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

என் தையல் ஊசிகளுக்கு நீ செய்த அநியாயத்தை நான் மறக்கவில்லை. சட்டைக்கு ஒரு பொத்தான் தைக்கலாம் என்று ஊசியை எடுத்து நூலைக் கோர்த்தால் நூல் நிற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், ஊசியின் காதில் மேல் வளைவை வெட்டி எடுத்திருக்கிறாய். கேட்டால், அந்தக் கவட்டையில் சூப்பர் குளூ ஒரு சொட்டு நிற்குமாம், தொட்டு வைக்க வசதியாம். ஒரு ஊசி என்றால் பரவாயில்லை, டப்பா முழுக்க. நான் ரசம் தாளிக்கப் போகும்போது அடுப்புக்கு முன்னால் நின்று, சாமணத்தால் தகட்டைப் பிடித்து நெருப்பில் வாட்டிக்கொண்டிருப்பாய். விறைப்புப் போய்ப் பதமானால்தான் வளைவு விழுமாம், நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டுமாம், ஒரு நொடி தாமதித்தால் சுருண்டுவிடுமாம். பெருங்காயம் கருகிப் போனதைப் பற்றி உனக்கு ஒரு கவலையும் இல்லை.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு நீ செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். கம்பளையில் கடைக்கு மேல் மாடியில் அவர்கள் வீடு. பெண் தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்கிறாள், நீ அவளுக்குப் பின்னால் பல்கனிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் உன் காலை மிதித்தேன். வெளியே வந்ததும் "பொண்ணு எப்படி?" என்று அப்பா கேட்டதற்கு, "நல்லா இருக்காங்க, அந்த ரெயிலிங் வேலப்பாடு பார்த்தீங்களா?" என்று சொன்னாய். இந்தச் சம்பந்தம் நடக்காது என்று பஸ்ஸில் வரும்போதே நான் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அவர்கள் சரி என்றார்கள், உனக்கும் சரிதான் என்றாய். கலியாணம் ஆனால் இந்தப் பைத்தியம் தெளியும் என்று ஊரில் எல்லா அம்மாவும் நம்புகிற மாதிரி நானும் நம்பினேன். மேசையை வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுவாய் என்றாவது நினைத்தேன்.

நடந்தது வேறு. தர்ஷினி வந்து கொஞ்ச நாளிலேயே, பின்னேரம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பேன். மடிக்கிற கோடு எப்போதும் உள்பக்கம் வர வேண்டும், ஒரு தடவைதான் மடிக்கலாம், பிழைத்துப் போய்த் திருப்பி நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே முறிந்துவிடும் என்று நீ பாடம் நடத்துவாய். அவள் "அப்ப மடிக்க முந்தி எப்புடி தெரியும், எந்தப் பக்கம்னு?" என்று கேட்பாள். இந்த மாதிரிக் கேள்வியை நான் கேட்டதில்லை, உன் அப்பா கேட்டதில்லை. உன் வாயிலிருந்து அவ்வளவு சொற்கள் வரும் என்பதே எனக்குப் புதிது. பாலர் பாடசாலையில் படிப்பித்த பிள்ளை, பொறுமை இருக்கிறது, அதனால் கேட்கிறாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் உன் பேச்சைக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவள்தான். அதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

விளக்கீட்டுக்கு முதல் நாள் காலையில் நடந்ததை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். குத்துவிளக்கு, தூக்கு விளக்கு, சொம்பு, தட்டு எல்லாவற்றையும் முற்றத்துக் குழாயடியில் வைத்துப் புளி போட்டு அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடமாட உதவினேன். எல்லாம் துடைத்துத் தட்டில் அடுக்கிக் கொண்டு வந்தவள், நேராக உன் மேசைக்குப் போய், "இந்தாங்க, இதையும் கழுவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். உன் பித்தளைத் தகடு. பளபள என்று தங்கம் மாதிரி இருந்தது. ஆனால் கம்பியெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஏணி சப்பளிந்து, பாரந்தூக்கி முறுகிக் கிடந்தது. துவாயில் ஒற்றி எடுத்தபோது நூலில் மாட்டி இழுபட்டிருக்கிறது. நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் சேர்ந்து கத்தி விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "உனக்குக் கண்ணு இருக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை, அதுவும் தாழ்ந்த குரலில். பிறகு தகட்டை வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தவன்தான்.

அன்றைக்குப் பின்னேரம் நானும் அப்பாவும் பொரியும் திரியும் வாங்கக் கண்டிக்குப் போனோம். பஸ்ஸில் நெரிபட்டுத் திரும்பி வந்தால் வீடு அப்படியே இருக்கிறது, நீ மேசையில் குனிந்திருக்கிறாய். "தர்ஷினி எங்கப்பா?" என்று கேட்டேன். "உள்ள இருப்பா" என்றாய். உள்ளே இல்லை. பின்னால் இல்லை. போன் அடித்தால் சம்பந்தியம்மா எடுத்து, "இங்கதான் வந்திருக்கா, படுத்திருக்கா" என்று ஒரு மாதிரியான குரலில் சொன்னார். அப்போதுதான் நீ நிமிர்ந்தாய். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டா" என்றாய். முகம் சிவந்திருந்தது. நானும் உன்னை நம்பினேன், மகன். என்ன இருந்தாலும் சொல்லாமல் வீட்டுப் படி இறங்கலாமா, புருசனுக்கு இல்லாவிட்டாலும் எனக்கொரு போன் அடிக்கக் கூடாதா என்று எனக்கும் அவள் மேல் கோபம்தான். விளக்கீட்டன்று நானே எல்லா விளக்கையும் ஏற்றினேன், நல்ல நாளில் மூக்கைச் சிந்திக்கொண்டு.

அதன் பிறகு நீ பார்த்த வேலை என்ன? வங்கியிலிருந்து வருவாய், உடுப்பு மாற்றுவாய், உட்காருவாய். பின்னிப்போன கம்பியை ஒவ்வொன்றாக விடுவித்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து நீவி நீவி நேராக்குவாய். இத்தனைக்கும் புதுத் தகட்டுக்கு அன்றைக்கு இரவே ஓடர் கொடுத்துவிட்டாய், அது எனக்குத் தெரியும். அது வரட்டும் என்று ஒரு லீவு நாளில் கம்பளைக்குப் போய்வந்திருக்கலாம். போகவில்லை. போனில்கூடப் பேசவில்லை. ஆனால் உன் வத்தேகமக் கூட்டாளியோடு பேச மட்டும் நேரம் இருந்தது. போன கிழமை நீ அவனிடம் பேசியதை நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். "மச்சான், புளித் தண்ணில கழுவினதுக்கு ப்ரைமர் பெயின்ட் எப்படிப் பிடிக்குது தெரியுமா, வினாகிரிய விட நல்லா இருக்கு" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்றுக் கம்பளையில் விளங்கியது. விளங்கியபோது உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

சம்பந்தியம்மா என்னை நல்ல மரியாதையாகத்தான் வரவேற்றார். வாங்க, உட்காருங்க, பஸ்ல சனமா என்று எல்லாம் கேட்டார். ஆனால் உன் பெயரை எடுக்கவில்லை. தேத்தண்ணியைத் தந்துவிட்டுக் கீழே கடையைப் பார்க்கப் போய்விட்டார். தர்ஷினி எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். நான் போன வேகத்தில் கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன்.

"அவனுக்குக் கோவம் வரும்தானேம்மா, யாருக்குத்தான் வராது? அவன் சாமானப் போயி விளக்கு மாதிரி கழுவலாமா? அது என்னான்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. அவருதான் சொன்னாரு. பித்தளைல வெரல் எண்ணெ இருந்தா பெயின்ட் பிடிக்காது, புளிப்புத் தண்ணில போட்டு எடுத்துக் கழுவினாத்தான் பிடிக்கும், அந்த வேலைதான் தனக்குப் பிடிக்காத வேலைன்னு. அன்னைக்குப் புளி கரைச்சிருந்துச்சு. தேய்க்கல அத்தை, சும்மா ஊறத்தான் வச்சேன். அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு நெனச்சேன். துவாய்ல ஒத்தக்கூடாதுன்னு அவரு சொல்லல, எனக்கும் தோணல."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். மகன், அவள் உன் சாமானைத் தெரியாத்தனமாகக் கழுவவில்லை. உன் பேச்சைக் கேட்டு, ஞாபகம் வைத்திருந்து, உனக்குப் பிடிக்காத வேலை எது என்று பார்த்துச் செய்திருக்கிறாள். அதுவும் சரியாகத்தான் செய்திருக்கிறாள், துவாய் வரைக்கும். சரி என்று நீயே கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல் வத்தேகமைக்குப் போன் போட்டுச் சொல்கிற உன் புத்தியை என்னவென்பது? அந்த வசனத்தில் பாதியைக் கம்பளைக்குச் சொல்லியிருந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாள்.

நான் அத்தோடு விடவில்லை. சரியம்மா, அது அவன் பிழை, ஆனால் சொல்லாமல் வந்தது உன் பிழை என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"யாரு அத்தை சொன்னா, நான் சொல்லாம வந்தேன்னு?"

"அவன்தான் சொன்னான்."

"நான் பையத் தூக்கிக்கிட்டு அவருக்குப் பின்னாடி வாசல்லயே நின்னேன். அம்மா வீட்டுக்குப் போறேங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அவரு திரும்பல. கைய மட்டும் இப்புடித் தூக்கினாரு. கதவ மெதுவா சாத்து, காத்து வருதுன்னாரு." என் கோப்பையை எடுத்துக்கொண்டே, "மெதுவாத்தான் சாத்தினேன்" என்றாள்.

நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை, அது எனக்குத் தெரியும். அவளும் பொய் சொல்லவில்லை. சாமணத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும்போது உன் காது தூங்கிவிடும், வாய் மட்டும் தன்பாட்டில் பதில் சொல்லும். எனக்கும் அப்படி எத்தனையோ தரம் பதில் சொல்லியிருக்கிறாய். சாப்பிட வா என்றால் "சரி, அந்தப் பக்கமா வைங்க" என்பாய். நான் பழகிப்போனேன், திட்டிவிட்டுச் சோற்றை மூடி வைப்பேன். அவள் பழகாதவள். அவளுக்கு அது பதில். புருசன் தன்னைப் போகச் சொல்லி, போகும்போது கதவையும் பதமாகச் சாத்திவிட்டுப் போகச் சொன்னதாக இத்தனை நாளும் அந்த மாடியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீயோ இங்கே உட்கார்ந்து, சொல்லாமல் போனாள் என்று முறுக்கிக்கொண்டிருக்கிறாய். உன்னைப் பெற்றதற்கு எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

தகட்டை வைத்து இனி உனக்கு வாழ்க்கைத் தத்துவம் சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. மனிசர் மனமும் மெல்லிய தகடு மாதிரி என்றெல்லாம் எழுத எனக்கு வராது, அது உண்மையுமில்லை. தகடு முறிந்தால் தபாலில் வேறு தகடு வரும். வாயால் நாலு நல்ல வார்த்தை சொன்னால் நிமிர்ந்துகொள்கிற தகடும் எங்கேயும் கிடையாது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. நான் உனக்குச் சொல்கிற புத்தி ஒன்றுதான். பெண்டாட்டி பேசும்போது கையில் இருப்பதைக் கீழே வை. முழுதாகத் திரும்பு. முகத்தைப் பார். அவள் சொல்லி முடித்த பிறகு மறுபடி எடுத்துக்கொள், கப்பல் எங்கேயும் ஓடிவிடாது, அது தண்ணீரையே பார்த்ததில்லை. இதை உன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்றார். உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

கப்பலைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் கேட்டேன், "அந்த மேசைய பின்னாடி மாத்தச் சொல்லட்டாம்மா?" என்று. "வேணாம் அத்தை, அங்கதான் வெளிச்சம்" என்றாள். இப்படிப்பட்ட பிள்ளை உனக்கு எந்த ஊரில் கிடைப்பாள் சொல். ஆனால் என்னோடு வா என்று கூப்பிட்டதற்கு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டாள். நான் வற்புறுத்தவும் இல்லை. நான் கட்டின தாலியா அது, என் பின்னால் வருவதற்கு?

வெளிக்கிடும்போது படியில் வைத்துத்தான் மெதுவாகச் சொன்னாள். கம்பளையில் ஒரு பாலர் பாடசாலையில் ஆள் கேட்டிருக்கிறார்களாம். தையில் தொடங்கச் சொல்கிறார்களாம். சான்றிதழும் மிச்ச உடுப்புகளும் இங்கே இருப்பதால் ஒரு பெட்டியில் கட்டி யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மகன், இது கோபித்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற விஷயம் இல்லை, இது கையை விட்டுப் போகிற விஷயம். வேலைக்குச் சேர்ந்துவிட்டால் பிறகு நீ போய்க் கூப்பிட்டாலும் வருவதற்கு அவளுக்குத் தோதுப்படாது. அவள் மானமுள்ள பிள்ளை.

இன்று காலையில் நீ வேலைக்குப் போனதும் பெட்டி கட்டலாம் என்று உங்கள் அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். மகன், நீ இத்தனை நாளில் ஒரு தடவையாவது அந்த அலுமாரியின் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தாயா? எல்லாம் இருக்கிறது. கூறைச்சேலை இருக்கிறது. தலைத்தீபாவளிக்கு எடுத்த சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. வேலைக்குப் போட்ட உடுப்பு, நல்ல செருப்பு, தலைவலிக்குப் போடுகிற மாத்திரை, நகைப்பெட்டி, சான்றிதழ் உறை, எல்லாம் வைத்த இடத்திலேயே. என்ன குறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மாற்றுடுப்பு குறைகிறது. அவ்வளவுதான். விட்டுவிட்டுப் போகிறவள் அப்படிப் போவாளா? அடுத்த நாள் விளக்கீடு, அதற்குள் நீ வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவாய் என்று நினைத்துத்தான் போயிருக்கிறாள். ஒற்றை உடுப்போடு போனவள், அதைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு, பல்கனியில் நின்று பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்த அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உனக்காக இல்லை, அவளுக்காக.

பெட்டியை நான் கட்டவில்லை, கட்டவும் மாட்டேன். நாளைக்குச் சனிக்கிழமை, உனக்கு லீவு. முதல் பஸ்ஸைப் பிடித்துக் கம்பளைக்குப் போ. பூ, பழம், இனிப்பு ஒன்றும் வாங்காதே, சான்றிதழ் உறையைத் தொடவே தொடாதே. வெறுங்கையோடு போ. பெட்டி எங்கே என்று அவள் கேட்பாள். வீட்டில்தான் இருக்கிறது, வா போகலாம் என்று சொல். அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல். இந்த ஒரு வசனமாவது பேச வரும்தானே உனக்கு?

அம்மா